உசுவகோலியின் பாட்டுக்காரர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடந்த இதழில், ஜனவரி 30 தொழுநோய் ஒழிப்பு நாளையொட்டி வந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ‘இந்த நோயால் ஊரைவிட்டு விலக்கப்பட்ட நைஜீரியர் ஒருவர், தம்மைப் போன்ற நோயாளிகளையே சேர்த்துப் பாடகர் குழு அமைத்து, தம் நாட்டுத் தேவாலய இசைக்குப் புதுவழி காட்டினார்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். பெயரைக்கூட அங்கே குறிப்பிடவில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கே இம்முறை பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

அந்த நைஜீரியர் யார்? அவருடைய வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?
(ஒரு வாசகர், பென்னாகரம்)

அவர் பெயர் இகோலி ஹார்கோர்ட் வைட். 1905-ஆம் ஆண்டு, நைஜர் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் கழிமுகப் பகுதியில், அபொன்னெமா என்ற ஊரில் பிறந்தார். கலபாரி மொழி பேசும் ஊர் அது. ஆனால் அவர் பெயரை இன்றளவும் நிலைநிறுத்தியிருக்கும் பாடல்கள் பக்கத்து நிலப்பரப்பின் பெருமொழியான இக்போவில் அமைந்தவை. அதற்குக் காரணம் அவருக்கு வந்த நோய்தான் என்பது பின்னால் புரியும்.

பதின்பருவத்திலேயே அவருக்குத் தொழுநோய் கண்டது. அன்றைய நிலையில், நம் ஊரானாலும் அவர் ஊரானாலும், அதற்குப் பொருள் ஒன்றே: வீடும் கூட்டமும் இல்லாமற் போவது. நோயைக் குணமாக்கும் மருந்து உலகத்தில் எங்குமே கிடையாது. நம் சித்த வைத்தியர்கள் நீரடிமுத்து என்று சொல்லும் விதையும் அதன் இனத்தைச் சேர்ந்த பிற விதைகளும் தரும் எண்ணெயைத்தான் ஆங்கில மருத்துவர்களும் ஊசி வழியாகச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். வலி மிகுந்த சிகிச்சை அது, பலனோ நிச்சயமில்லை.

போர்ட் ஹார்கோர்ட் நகரத்து அரசு மருத்துவமனையில் 1920களின் கடைசியில் ஒரு மருத்துவர், தொழுநோயாளிகள் சிலரைச் சேர்த்துச் சிகிச்சை முயற்சி ஒன்றைத் தொடங்கினார். அவர் போன பிறகு அந்த முயற்சி கைவிடப்பட்டு, நோயாளிகளை வெளியேற்றும் ஏற்பாடுகள் நடந்தன. போவதற்கு இடமில்லாத அந்த மக்கள் வெளியேற மறுத்து நின்றார்கள். அவர்களுக்குள் பல மொழிக்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் பேசுவது அடுத்தவருக்கு விளங்காது. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று நின்றவர்களில் முதன்மையானவர் ஹார்கோர்ட் வைட். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தை ஒட்டித்தான் இருக்கும். நைஜீரிய நாடக ஆசிரியர் ஓலா ரோட்டிமி இந்தப் போராட்டத்தை 1980களில் நாடகமாக்கினார். ‘உயிரோடிருக்கும் பிணங்களின் நம்பிக்கைகள்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். மேடையில் பல மொழிகள் ஒலிக்கும்படி அவர் அதை எழுதியதற்குக் காரணம், அந்த வார்டில் உண்மையிலேயே பல மொழிகள் ஒலித்ததுதான்.

1932-இல் மெதடிஸ்ட் மிஷன், இக்போ நிலத்தின் உள்ளே உசுவகோலி என்ற ஊரில் தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பு ஒன்றைத் தொடங்கியது. இன்று அந்த ஊர் அபியா மாநிலத்தில் இருக்கிறது. ஹார்கோர்ட் வைட்டும் அவருடன் இருந்தவர்களும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். நோயாளிகள் பயிரிட்டு, சமைத்து, பள்ளி நடத்தி, தங்களுக்கென்று ஒரு கோயிலும் வைத்துக்கொண்டு வாழ்ந்த அந்தக் குடியிருப்பில்தான் பாடகர் குழு உருவாயிற்று. ஹார்கோர்ட் வைட் அதற்குப் பாடல் இயற்றினார், இசை அமைத்தார், பயிற்சி கொடுத்தார், நடத்தினார். குடியிருப்பின் மருத்துவ அதிகாரியாக 1930களின் நடுப்பகுதியில் வந்த ஃபிராங்க் டேவி, மருத்துவத்தோடு இசையிலும் நாட்டம் கொண்டவராக இருந்தது அந்தக் குழுவுக்கு வாய்த்த நல்லகாலம்.

1940களின் பிற்பகுதியில் தொழுநோயைக் குணப்படுத்தும் டாப்சோன் மருந்து வந்தது. ஹார்கோர்ட் வைட்டின் நோயும் நீங்கிற்று. ஆனாலும் உசுவகோலியை அவர் மறந்துவிடவில்லை. 1967 முதல் 1970 வரை நடந்த நைஜீரிய உள்நாட்டுப் போரான பியாஃப்ரா போர் அந்தப் பகுதியையே சூறையாடியது. அதையும் கடந்து வந்தவர், 1977-இல் ஒரு சாலை விபத்தில் இறந்தார். ஐம்பது ஆண்டுக்காலம் நோயோடும் நோயின் பெயரோடும் போராடி வென்ற ஒருவரின் முடிவு சாலையில் நேர்ந்தது என்பதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை தயங்குகிறது.

வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் கொண்டுவந்த ஞானப்பாட்டுகளை மொழிபெயர்த்துப் பாடியவர்தானே? அவர் இசையில் தனிச்சிறப்பு என்ன இருக்க முடியும்?
(தமிழாசிரியர் ஒருவர், ஊத்தங்கரை)

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஐயா. தமிழாசிரியர் கேட்டதால் தமிழை வைத்தே தொடங்குகிறேன்.

‘வரம் தாரும்’ என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்டு எங்கிருந்தோ வந்தது. முதல் எழுத்தில் நீண்ட சுரம் விழுகிறது. பாடுகிறவர்கள் மெட்டுக்குக் கட்டுப்பட்டு ‘வாரம் தாரும்’ என்று பாடிவிடுவார்கள். வரம் கேட்க வந்தவர் வாரக் குத்தகை கேட்டுவிட்டுப் போகிறார். குறிலும் நெடிலும் நம் மொழியில் பொருளைத் தாங்கும் தூண்கள் என்பதால், வெளியூர் மெட்டு அவற்றின் மேல் ஏறி மிதிக்கும்போது சொல் சாய்ந்துவிடுகிறது.

இக்போ மொழியில் அந்தத் தூண் ஒலியின் நீளத்தில் இல்லை; ஒலியின் உயரத்தில் இருக்கிறது. ‘அக்வா’ என்ற ஒரே ஒலித்தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அசையையும் உயர்த்திச் சொன்னால் அழுகை. முதலசை தாழ்ந்து இரண்டாவது உயர்ந்தால் முட்டை. முதலசை உயர்ந்து இரண்டாவது தாழ்ந்தால் துணி. இரண்டும் தாழ்ந்தே ஒலித்தால் கட்டில். எழுத்து மாறவில்லை, நீளம் மாறவில்லை. குரலின் ஏற்ற இறக்கம் ஒன்றுதான் பொருளைத் தீர்மானிக்கிறது. இப்படிப்பட்ட மொழியில் பேசும் பேச்சே பாதி இராகம்.

இப்போது ஆங்கிலேய நாட்டிலிருந்து ஒரு ஞானப்பாட்டின் மெட்டு வருகிறது. அந்த மெட்டு எங்கே ஏறுமோ அங்கே ஏறும், எங்கே இறங்குமோ அங்கே இறங்கும். இக்போச் சொல் எங்கே ஏறவேண்டும் என்பது அதற்குத் தெரியாது. தவிர, அந்தப் பாட்டுகளில் ஐந்து சரணம் இருந்தால் ஐந்துக்கும் ஒரே மெட்டு. முதல் சரணத்தின் சொற்களுக்கு மெட்டு தற்செயலாகப் பொருந்திவிட்டாலும், இரண்டாம் சரணத்தில் சொற்கள் மாறுவதால் ஏற்ற இறக்கமும் மாறிவிடும். மெட்டு மட்டும் மாறாமல் நிற்கும். மொழிபெயர்த்த பாட்டை உரக்கப் பாடினால் துதிக்க வந்த இடத்தில் பொருளற்ற சொற்கள் கொட்டும். சில இடங்களில் வாய்விட்டுச் சொல்லக் கூசும் சொற்களாகவும் ஆகிவிடும். 1913-இலேயே முழு விவிலியமும் இக்போவில் வந்துவிட்டது. ஆனால் தன் மொழியில் படித்தவன், பாடும்போது தன் மொழியை இழந்தான்.

ஹார்கோர்ட் வைட் செய்த வேலை இங்கேதான் வருகிறது. அவர் மெட்டை முதலில் வைத்துக்கொண்டு சொல்லைத் திணிக்கவில்லை. இக்போச் சொற்றொடர் எப்படி ஏறி இறங்குகிறதோ அந்த வழியே மெட்டை நடத்திக்கொண்டு போனார். நான்கு குரல்கள் இசைந்து பாடும் முறையை, அதாவது நம் தேவாலயக் குழுக்கள் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனார், பேஸ் என்று சொல்கிறார்களே அந்த அமைப்பை, மிஷனிடமிருந்து எடுத்துக்கொண்டார். பேச்சின் நடையை ஊரிலிருந்து எடுத்துக்கொண்டார். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் வழக்கம் இக்போ நாட்டுப்பாடல்களில் ஊறிய ஒன்று; நம் பக்கத்துத் தெருக்கூத்தில் வேஷக்காரர் ஓர் அடி பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதை ஏந்திக்கொள்வதைப் பார்த்து வளர்ந்த தருமபுரிக்காரர்களுக்கு இது விளக்கம் தேவையில்லாத செய்தி.

தமிழிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. இறக்குமதி மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுத் தொகுப்பான பாமாலை ஒருபுறம் இருக்க, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கருநாடக இராகங்களில் கீர்த்தனை பாடி, பல்லவி அனுபல்லவி என்று நம் பாட்டின் எலும்புக்கூட்டையே கோயிலுக்குள் கொண்டுவந்தார். சரபோஜி மன்னரின் தஞ்சை அவருக்குத் துணையாக இருந்தது. ஹார்கோர்ட் வைட்டுக்கு அரசவை இல்லை, இசைப்பள்ளி இல்லை; இருந்தவர்கள் மரத்துப்போன விரல்களோடு வரிசையில் நின்ற அவர் குழுவினர்தாம். தொழுநோய் முற்றினால் மூக்கையும் குரல்வளையையும்கூடப் பாதிக்கும். குரல் கம்மி, கரகரத்துப் போகும். மருந்து வராத அந்தக் காலத்தில், தன் குரல் எத்தனை நாளைக்கு என்று தெரியாதவர்களை நிறுத்தி நான்கு குரலிசை பயிற்றுவிப்பது எத்தகைய வேலை என்பதை ஒருகணம் எண்ணிப்பாருங்கள், ஐயா.

காஸ்பல் இசை என்றால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை அல்லவா? ஆப்பிரிக்கருக்கு அது எப்படிச் சொந்தமாகும்?
(கல்லூரி மாணவி ஒருவர், கிருஷ்ணகிரி)

காஸ்பல் என்ற இந்தக் கிறிஸ்தவப் பக்தியிசைக்கு அந்தப் பெயர் அமெரிக்காவில் நிலைபெற்றது உண்மைதான். ஆனால் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெருந்தொகையினர் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏற்றப்பட்டவர்கள். எடுத்துக்கொடுத்து வாங்கிப் பாடுவதும், கையடியும், உடலசைவும் அவர்களோடுதான் கடல் கடந்தன. இருபதாம் நூற்றாண்டில் அந்த இசை ஒலித்தட்டிலும் வானொலியிலும் ஏறி ஆப்பிரிக்காவுக்குத் திரும்பி வந்தது. ஹார்கோர்ட் வைட்டின் இசையைக் காஸ்பல் என்று சொல்வதைவிடத் தேவாலயக் குழுவிசை என்று சொல்வது பொருத்தம். பின்னால் வந்த நைஜீரியக் காஸ்பல் பாடகர்கள் அந்தக் குழுவிசையைக் கேட்டு வளர்ந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் என்பதால் இரண்டையும் ஒரே குடும்பமாகக் கொள்ளலாம்.

தாய்மொழி இசையைக் கோயிலுக்குள் கொண்டுவந்ததற்கு அங்கே எதிர்ப்பு இருந்ததா? எங்கள் ஊரில் பறையைக் கோயிலுக்குள் அடிக்க விடுவதற்கே பல ஆண்டுகள் பேசவேண்டியிருந்தது.
(பாடகர் குழு உறுப்பினர் ஒருவர், எலத்தகிரி)

இருந்தது. அதற்கு மிகத் தெளிவான சான்று கானா நாட்டின் எஃப்ராயிம் அமு. 1899-இல் பெக்கி என்ற ஊர்ப்பகுதியில் பிறந்த இவர், அக்ரோபோங் ஊரில் திருச்சபை நடத்திய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இசை கற்பித்தார். ஊர்ப்பாடல்களைத் தேடிச் சேகரித்தார், சொல்லின் ஒலியுயரத்துக்கு ஏற்ப மெட்டு அமைத்தார், மூங்கில் குழலையும் ஊர் முழவுகளையும் மாணவர் கையில் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்குக் கோட்டு அணியாமல் தன் மக்கள் உடுத்தும் நெய்த துணியைத் தோளில் சுற்றிக்கொண்டு போய் நின்றார். திருச்சபை மூப்பர்கள் அதைப் பொறுக்கவில்லை. 1933-இல் வேலையிலிருந்து நீக்கினார்கள். அச்சிமோட்டா கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. பிறகு 1937 முதல் மூன்று ஆண்டுகள் இலண்டன் அரச இசைக் கல்லூரியில் படித்து வந்தார். ‘இது நம் சொந்த மண்’ என்று பொருள்படும் அவருடைய பாட்டை நாட்டுப்பண்ணுக்கு அடுத்த இடத்தில் வைத்து இன்றும் கானா மக்கள் பாடுகிறார்கள். 1995-இல், தொண்ணூற்றைந்து வயதில் மறைந்தார்.

அவருக்கும் முந்தியவர் நைஜீரியாவின் யொருபா நிலத்து அபெயோக்குட்டா நகரில் இருந்த ஜோசையா ரான்சம்-குட்டி (1855–1930). ஆங்கிலிக்கன் குருவாக இருந்தவர். யொருபாவும் ஒலியுயரத்தால் பொருள் மாறும் மொழிதான். ஊர் மெட்டில் கிறிஸ்தவப் பாடல் கட்டி, தெருவில் பாடிக்கொண்டே போய் மக்களைக் கோயிலுக்கு அழைத்ததால் ‘பாடும் போதகர்’ என்றே பெயர் பெற்றார். 1920களில் இலண்டனுக்குப் போய் ஜோனோஃபோன் நிறுவனத்துக்காக 43 பாடல்கள் ஒலித்தட்டில் பதிவுசெய்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பாடகர் ஃபேலா குட்டி அவருடைய மகன்வழிப் பேரன்.

உங்கள் ஊரில் பறையைப் பற்றி நடந்த பேச்சும் இதே வழக்குத்தான். கருவியின் ஓசை ஒன்றையே குறை சொல்லி யாரும் தடுப்பதில்லை. அதை அடிக்கும் கையைப் பற்றி அவர்கள் மனத்தில் இருப்பதுதான் தடுக்கிறது. அமுவின் துணிக்கு நேர்ந்ததும் அதுவே.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரிகிறேன். உசுவகோலி என்ற பெயரைப் பயிற்சியின்போது மருந்து வரலாற்றில் கேட்ட நினைவு. அதே ஊர்தானா?
(செவிலியர் ஒருவர், பாலக்கோடு)

அதே ஊர்தான், அம்மா. உங்கள் கடிதத்தைக் கண்டபோது மகிழ்ச்சியாக இருந்தது; இந்தத் தொடர்பைப் பற்றி எப்போதாவது எழுதவேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்ஃபோன் வகை மருந்து தொழுநோயைக் கட்டுப்படுத்துவது தெரியவந்தது. ஆனால் அங்கே கொடுத்த மருந்தை நாள்தோறும் நரம்பில் ஊசியாக ஏற்றவேண்டும். ஏழை நாடுகளுக்குக் கட்டுபடியாகாது. அந்த வகையின் மூலப்பொருளான டாப்சோன் மலிவானது, ஆனால் நஞ்சு என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தை முதலில் மீறியவர்களில் ஒருவர் மருத்துவர் ராபர்ட் காக்ரேன். இடம் நம் செங்கல்பட்டை அடுத்த திருமணி. 1940களின் நடுப்பகுதியில் அவர் டாப்சோனை எண்ணெயில் கலந்து சிறிய அளவில் ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார். சில ஆண்டுகளுக்குள் உசுவகோலியில் ஜான் லோ என்ற மருத்துவர், ஊசியே வேண்டாம், அதை மாத்திரையாகவே விழுங்கலாம் என்று நோயாளிகளிடம் நிறுவினார். ஹார்கோர்ட் வைட்டின் குழு பாடிக்கொண்டிருந்த அதே குடியிருப்பில் நடந்தது இது.

அதோடு முடியவில்லை. நீங்கள் இன்று கொடுக்கும் கூட்டு மருந்து அட்டையில் ரிஃபாம்பிசின், டாப்சோனோடு பழுப்பு நிறத்தில் இருக்குமே, குளோஃபாசிமின், அதை முதன்முதலில் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததும் 1962-இல், உசுவகோலியில்தான். ஆக, 28 நாளைக்கான அந்த அட்டையில் உள்ள மூன்று மருந்துகளில் இரண்டின் வரலாறு அந்த ஊர் வழியாக வருகிறது. அட்டையை நோயாளியிடம் நீட்டும்போது இதை அவரிடம் சொல்லுங்கள். 1995 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் மூலம் இலவசமாக வரும் மருந்து அது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ விடாமல் உட்கொண்டால் நோய் தீரும், சிகிச்சை தொடங்கிவிட்டால் மற்றவருக்குத் தொற்றுவதும் விரைவிலேயே நின்றுவிடும், மனிதர்களில் பெரும்பான்மையோருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு என்பதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்குச் சொந்தக் காரணமும் ஒன்று இருக்கிறது. என் பெரியப்பா காவேரிப்பட்டணத்துப் பக்கம் கூத்துக் குழு ஒன்றில் பின்பாட்டுக்காரர். திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும்போது, முகவீணைக்கு மேலே எழும் அவர் குரலை ஊர்க் கோடியிலிருந்தே நாங்கள் அடையாளம் கண்டுகொள்வோம். 1970களில் ஒரு நாள் கணக்கெடுக்க வந்த சுகாதாரப் பணியாளர், அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகு ஒன்றால் முதுகிலும் கையிலும் தொட்டுத் தொட்டு, ‘எங்கே படுகிறதோ அங்கே விரல் வையுங்கள்’ என்றார். பெரியப்பா ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். இடது முழங்கைக்கு மேலே, நிறம் மங்கிய ஓர் இடத்தில் இறகு மூன்று முறை தொட்டது; அவருடைய விரல் மடியிலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவருக்கு மட்டும் தெரியவில்லை.

வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். அவர் ஒரு நாளும் தவறாமல் விழுங்கினார். விரலோ முகமோ எதுவும் கெடாமல் குணமானார். ஆனால் அடுத்த ஆண்டுப் பாரதத்துக்கு அவரை யாரும் அழைக்கவில்லை, அதற்கடுத்த ஆண்டும் அழைக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே அவருக்கென்று ஓர் அலுமினியத் தட்டும் குவளையும் வந்து, திண்ணை மாடத்தில் தனியே இருந்தன. அவற்றை யார் அங்கே வைத்தது என்று வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை. குணமான பின்னும் அந்தத் தட்டு அங்கேயே இருந்தது. மாலையில் களத்துமேட்டில் மாட்டை அவிழ்க்கப் போகும்போது, சுற்றிலும் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் பாடுவதை நான் கேட்டிருக்கிறேன். வேஷக்காரரின் அடியையும் அவரே பாடி, பின்பாட்டையும் அவரே பாடுவார்.

உசுவகோலியின் கதையை முதன்முதலில் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் களத்துமேடுதான். விழுங்கிய மாத்திரை பெரியப்பாவைக் காப்பாற்றியது. அவரோடு சேர்ந்து பாட ஒரு குழு மட்டும் இல்லாமற் போயிற்று. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற சட்டப்பிரிவே 2019-இல்தான் நீக்கப்பட்டது என்றால், மாடத்திலிருந்த தட்டு இறங்குவதற்கு எத்தனை காலம் ஆகும் என்று உங்களைப் போன்றவர்கள்தான் சொல்லவேண்டும்.

இப்போது உள்ள ஆப்பிரிக்கக் காஸ்பல் பாடகர்களில் நமக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா?
(இளைஞர் ஒருவர், ஓசூர்)

உங்களுக்கே தெரிந்த ஒரு பாட்டு இருக்கிறது. ‘வே மேக்கர்’ என்று தொடங்கும் பாட்டை ஓசூரிலும் பெங்களூரிலும் ஞாயிறுதோறும் கிட்டார் வைத்துப் பாடும் சபைகள் பல. பாடுகிறவர்களில் பலர் அது அமெரிக்கப் பாட்டு என்றே நினைக்கிறார்கள். அதை எழுதிப் பாடியவர் நைஜீரியாவின் சினாச், 2015-இல் வெளியிட்டார். இவரும் இக்போ நிலத்துப் பெண்மணிதான். பிறகு அமெரிக்கப் பாடகர்கள் எடுத்துப் பாடினார்கள். கொரோனா பரவிய 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் பல மொழிகளில் ஒலித்தது. அவ்வாண்டு அமெரிக்கக் காஸ்பல் இசையுலகின் டவ் விருதுகளில் ஆண்டின் சிறந்த பாடல் என்று அது தேர்வாயிற்று. பாட்டைப் பாடும்போது எழுதியவர் பெயரையும் ஒருமுறை சபையில் சொன்னால் நல்லது.

எங்கள் ஆலயக் குழுவில் பதினெட்டுப் பேர் இருக்கிறோம். ஹார்கோர்ட் வைட்டின் பாட்டு ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்து அதே மெட்டில் பாட விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?
(குழு நடத்துநர் ஒருவர், அரூர்)

உங்கள் ஆர்வத்துக்கு வணக்கம். ஆனால் மொழிபெயர்க்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். ஊத்தங்கரை ஆசிரியருக்கு எழுதிய பதிலைப் பார்த்திருப்பீர்கள். அந்த மெட்டு இக்போச் சொல்லின் ஏற்ற இறக்கத்திலிருந்து முளைத்தது. அதில் தமிழை உட்காரவைத்தால், மிஷனரிகள் இக்போவுக்குச் செய்ததையே நாம் திருப்பிச் செய்தவர்களாவோம். குறில் நெடிலாகும், வல்லினம் வாயில் சிக்கும், அவருடைய மெட்டும் தன் காரணத்தை இழந்துவிடும்.

இக்போவிலேயே பாடுங்கள். பொருளைத் தமிழில் அச்சிட்டுச் சபையாருக்குக் கொடுத்துவிடுங்கள். ஒலிப்பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரே பாட்டை இரண்டு மூன்று குழுக்கள் பாடக் கேட்டுவிட்டு, நிதானமாகப் பாடும் குழுவைப் பின்பற்றுங்கள். மேற்கு ஆப்பிரிக்கக் குழுக்கள் பலவும் ஐந்து கோட்டு இசைக்குறிப்பை விட, டோ ரே மீ என்ற எழுத்துகளைக் கொண்டு எழுதும் டானிக் சோல்ஃபா முறையையே கைக்கொள்கின்றன. ச ரி க ம தெரிந்தவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் அதை ஓரிரு நாளில் படித்துவிடுவார்கள்.

பயிற்சியைப் பாட்டிலிருந்து தொடங்காதீர்கள். முதல் வாரம் ஆர்மோனியத்தைத் திறக்கவே வேண்டாம். பதினெட்டுப் பேரும் வட்டமாக உட்கார்ந்து, முதல் வரியின் சொற்களைப் பேசுவதுபோலவே சொல்லிப் பழகுங்கள். எந்த அசை உயர்கிறது, எந்த அசை தாழ்கிறது என்று கையை உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டிக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம் அந்தக் கையசைவை விடாமல் மெட்டைச் சேர்த்துப் பாருங்கள். கை உயரும் இடத்தில் மெட்டும் உயர்வதை, யாரும் சொல்லாமலே உங்கள் குழுவில் இருக்கும் சிறுவர்கள் முதலில் கண்டுகொள்வார்கள்.